சாலிஹ் நானா தயங்கிய இடம்

மழைக்கு ஒதுங்கத்தான் ஒதுங்கினாள் அப்னா... வேற எண்ணம் சத்தியமா இல்லை!

கல்முனை மெயின் றோட்டில், முஸ்தாக்கின் ரெக்கோடிங் கடைத் தகரத்துக்குக் கீழே நின்றாள். உள்ளே யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். பழைய ஐரோப்பிய இசை... மெல்ல இறங்கி வந்து, ஒரு இடத்தில் தயங்கியது. அந்தத் தயக்கம் அப்னாவுக்குத் தெரியும். கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"நிப்பாட்டாதீங்க!"

முஸ்தாக் திரும்பினான். இமையில் மழைத்துளி நிற்கிற அவள் கண்கள்... அல்லாஹ்வே, இப்படியும் கண் இருக்குமா?

"சொட்டச் சொட்ட வந்து கட்டளை வேற! முதல்ல அந்த வயர மிதிக்காம நில்லுங்க."

"இந்தப் பாட்டுக்கு ட்ரம்ஸ் அடிச்சது எங்கிட்ட ஃபோன்ல இரிக்கி."

"இதுக்கு றொக் ட்ரம்ஸா? யாரு அந்த விசரன்?"

அவள் முகம் வாடிப்போனது. "எங்கட சாலிஹ் நானா... மௌத்தாகிட்டார்."

முஸ்தாக் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சாலிஹ் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தவன். அங்கே பியானோக்காரர் வாசிக்கிற இதே இசையை ஃபோனில் பிடித்து, காதில் மாட்டிக்கொண்டு, கூட்டாளியின் ட்ரம்ஸில் அடித்துத் தங்கச்சி அப்னாவுக்கு அனுப்பியிருந்தான். 'ஊருக்கு வந்து ரெண்டையும் சேப்பம்' என்றான். மாரடைப்பில் போய்விட்டான். நம்ம ஊரில் பொம்புளப் புள்ளைக்கு வீடு கட்டினால்தானே மாப்பிள்ளை வருவார்? அந்த வீட்டுக்காகத்தான் அவன் கடல் தாண்டினான். சாய்ந்தமருதில் அது இன்னும் பூசாத சுவரோடு நிற்கிறது.

"ரெண்டையும் சேத்துத் தருவீங்களா? உம்மாக்கு அவர்ட கை அடிக்கிறது கேக்கணும்."

முஸ்தாக் ஒத்துக்கொண்டான். வேலையில் இறங்கினால், சாலிஹின் அடி நடுவில் இழுபட்டது. அவன் புதிதாக வாசித்துச் சேர்த்த பேஸ் கிட்டாரும் பொருந்தாமல் வழுக்கியது. என்ன செய்தான் தெரியுமா, நம்ம கெட்டிக்காரன்? கம்ப்யூட்டரில் ஒவ்வொரு அடியையும் நகர்த்தி நேராக்கிவிட்டான்! அவளைக் கூப்பிட்டுப் பெருமையோடு போட்டும் காட்டினான்.

அப்னாவின் கண் நிரம்பியது. சந்தோஷம் என்று நினைத்தான், மடையன்.

"இது எங்கட நானா இல்ல..."

"அவர் பிழையா அடிச்சிரிந்தார். நான் திருத்தினன்."

"பிழையா? அந்த இடத்துல பியானோ தயங்கும். அவரும் நிண்டு, கேட்டுட்டுத்தான் அடிச்சார். அந்த மூச்சையும் இல்லாமலாக்கிட்டீங்களே!"

போய்விட்டாள். எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று முதலில் ரோஷம்தான் வந்தது. ஆனால் சோறு இறங்கவில்லையே... திருத்தாத ட்ரம்ஸைத் திரும்பப் போட்டுக் கேட்டான். ஓம், அவள் சொன்னது சரி. ஒரு மனிசன் அங்கே காத்திருந்தான். முஸ்தாக் தான் திருத்தியது எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சாலிஹின் கைக்குப் பின்னால் போய் முதலிலிருந்து பியானோ வாசித்தான். பேஸையும் காக்க வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனான். சுவர் பூசாத முன் ஹோலில் பாட்டு ஓடியது. பியானோ தயங்கியது... ட்ரம்ஸ் காத்தது... பிறகு மூன்றும் சேர்ந்து விழுந்தன.

"எண்ட மகன்ட கை!" என்று கதறினார் அப்னாவின் உம்மா பாத்தும்மா.

வாசலில் அப்னா கேட்டாள். "ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?"

"நான் திருத்தினதுதான் பிழை. மன்னிச்சிடுங்க. இன்னொண்டும் சொல்லணும்... உங்கள எனக்கு விருப்பம், அப்னா. எங்கட உம்மாவப் பேச அனுப்பவா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "வீடு முடியல்ல. இனி எங்களால ஏலா..."

"வீடு யாரு கேட்டா? உங்கட நானா உசிரக் குடுத்த சுவத்துக்குள்ள மாப்பிள்ளையா வந்து குந்த எனக்கு மனசு ஏலாது. வாடகைக்கெண்டாலும் நானே ஒரு வீடு பாக்கிறன்."

அப்னா முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"எனக்கும் உங்கள விருப்பம்தான். ஆனா இத... இத ஒரு ரெண்டு வருஷத்துக்கு முந்தி வந்து சொல்லியிருக்கக் கூடாதா? எங்கட நானா கட்டாருக்குப் போயிரிக்கவே மாட்டாரே!"

வாசல் தகரத்தில் மழை விழத் தொடங்கியது.

"உம்மாவ அனுப்புங்க..." என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுக்கு முதல் அத இன்னொருக்கா போடுங்க. நானா நிக்கிற அந்த இடத்த நான் கேக்கணும்."