குமிழி காட்டிய இடம்

சாய்வுமானியின் குமிழி நடுவில் நிற்க மறுத்தது. சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தான் யோகராசா. அது ஆறுதலாக நகர்ந்து கட்டில் பக்கம் போய் நின்றது.

எரிமலை வெடிக்குமுன் அடியில் நெருப்புக் குழம்பு திரண்டு நிலத்தை மயிரிழை மயிரிழையாக உப்ப வைக்கும். அந்த உப்பலைப் பிடிக்கத்தான் இந்தக் கருவி. மேடான பக்கம் குமிழி ஓடும். ஆய்வுகூடத்தில் பழுதுபார்த்ததை, மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் தான் குடியிருந்த நிலவறை வீட்டில் வைத்துச் சோதிக்கக் கொண்டுவந்திருந்தான். இந்த ஊரில் ஏது எரிமலை? குளிரில் மண் உறைந்து தரையைத் தூக்கியிருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மனைவி றோசலின் குளிர்கோட்டை மாட்டினாள். "இஞ்சாருங்கோ, நான் பூசைக்குப் போட்டு வாறன்."

"இண்டைக்குப் போகாதையும்."

"ஏன், தனிய இருக்கப் பயமே?" சிரித்தபடி படியேறிப் போய்விட்டாள்.

கருவியை மூலை மூலையாக மாற்றி வைத்தான். எங்கு வைத்தாலும் குமிழி கட்டிலையே காட்டியது. கொதிகலனின் உறுமலுக்கும் குழாய்களின் முனகலுக்கும் அடியிலிருந்து, ஈர மணலும் அழுகிய கடற்பாசியும் கலந்த வாடை மெல்லக் கிளம்பி அறையெல்லாம் பரவியது. ஊரில் விட்டுவந்த மணற்காட்டுக் கடற்கரையின் வாடை. அங்கேதான் படகுக்குக் காத்திருந்தபோது நண்பன் ஞானேந்திரன் துப்பாக்கிச் சூடுபட்டு விழுந்தான். அவனுடைய பாஸ்போர்ட்டையும் பட்டச் சான்றிதழையும் உருவி எடுத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே மணலை அள்ளி மூடியவன் யோகராசா. மொன்றியலில் யோகராசாவுக்குப் பெயர் ஞானேந்திரன். கட்டியவளுக்கும் அதுதான் தெரியும்.

செத்தவனுக்கு எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. சுகமாய்ச் சேர்ந்தேன் என்று ஞானேந்திரனின் பெயரில் இவன் அடித்த தந்தியை நம்பி, அவன் தாய் வெள்ளிதோறும் மகனின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் ஆயுள் கேட்டு அர்ச்சனை செய்துகொண்டிருந்தாள்.

ஆயுள்.

யோகராசா கட்டிலை இழுத்து அப்பால் தள்ளினான். குமிழி இப்போது அவனைக் காட்டியது. விலகினான். கூடவே வந்தது. போனது. வந்தது. மூச்சுப் போல.

தரை வெடித்தது. சத்தமில்லை. மணல். வெதுவெதுப்பான மணல்.

"யோகராசா."

இந்த நாட்டில் யாருக்கும் தெரியாத பெயர். ஒரு கை அவன் சட்டைப்பையைத் துழாவியது. எடுக்க வேண்டியதை எடுத்தது. பிறகு மணலை அள்ளத் தொடங்கியது. முழங்கால். வயிறு. வாய்.

மேலே கதவு திறந்தது. "இஞ்சாருங்கோ, வந்திட்டன். எங்க நிக்கிறியள்?"

அவன் கத்தினான். மணல்தான் உள்ளே போனது.

"ஓம், இஞ்சைதான் நிக்கிறன்," என்றது அவனுக்கு மேலே ஒரு குரல். தரையில் கட்டில் இழுபட்டுப் பழைய இடத்துக்கு வந்தது. அதன் அடியில் யோகராசாவின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.