நாடிப் பலகை

சங்கு அலறியது. பொருநை தேசிய வங்கியின் இரும்புக் கதவுகள் தாமாகவே இறங்கின. வாசலில் இருந்த நாடிப் பலகை பச்சையிலிருந்து சிவப்புக்குத் தாவியது.

"போச்சுடே! பேங்கு போச்சு!" என்று வெளியே யாரோ கத்தினார்.

மேலாளர் சங்கரலிங்கம் கண்ணாடி அறைக்கு ஓடினார். உள்ளே ஆய்வாளர் செண்பகவல்லி மேசையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

கடைசி வங்கிச் சரிவுக்குப் பிறகு அறிக்கைகளை யாரும் நம்புவதில்லை. எந்தப் பொய்க் கணக்கையும் இயந்திரங்கள் அழகாக எழுதிக் கொடுத்துவிடும். அதனால் வங்கிக் காப்பு ஆணையம் ஒவ்வொரு வங்கியிலும் ஓர் ஆய்வாளரை அமர்த்தி, அவர் மணிக்கட்டுக்குள் நாடிமானியைப் பதித்தது. எல்லாக் கணக்கையும் பார்க்கிறவர் பயந்தால், ஊரும் பயப்பட வேண்டியதுதான். அவருடைய துடிப்பு வாசல் பலகையில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தெருவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. சாமி புறப்பாடு வந்தால்கூட வங்கியைத் தாண்டும்வரை மேளம் வாசிக்க மாட்டார்கள். செண்பகவல்லிக்கு மோர் கொண்டுவந்து கொடுக்கவே சில பென்ஷன்காரர்கள் வருவார்கள்.

"எந்தக் கணக்கு மேடம்? என்ன கண்டுபிடிச்சீங்க?"

"கணக்கெல்லாம் சுத்தமா இருக்கு சார். என் மக ஓவியா போற ஸ்கூல் வேன் கவுந்துட்டாம். பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. கதவைத் திறங்க, நான் போணும்."

"என் கையில என்ன இருக்கு? உங்க நாடி இறங்கினாத்தான் திறக்கும். பொழுது சாயறதுக்குள்ள இறங்கலேன்னா பேங்கையே கலைச்சிருவாங்க."

"அப்ப வெளியே போய்ச் சொல்லுங்க, பிள்ளைக்கு விபத்துன்னு."

"நம்புவாங்களா மேடம்?"

"நீங்க நம்புறீங்களா சார்?"

கதவில் கல் விழும் ஓசை கேட்டது.

மேசையிலிருந்து ஆணையத்தின் குரல் எழுந்தது. "ஆய்வாளரே, பதற்றத்தின் காரணம் வங்கி சார்ந்ததா?"

"இல்லை."

"மருந்துக்கு அனுமதி இல்லை. காரண நீக்கத்துக்கு உண்டு. சம்மதமா?"

"காரண நீக்கம்னா என்ன சார்?" என்று சங்கரலிங்கத்திடம் கேட்டாள்.

அவர் பார்வை மேசையிலிருந்த படத்தில் பதிந்தது. செண்பகவல்லி, ஓவியா, நடுவே சிரிக்கும் மீசைக்காரர் ஒருவர். போன மழைக்காலத்திலும் ஒருமுறை இதே சங்கு ஊதியிருந்தது. அதன்பிறகு, படத்திலிருக்கும் மீசைக்காரர் யாரென்று சங்கரலிங்கம் கேட்டபோது, "தெரியல சார், ஓவியாதான் வைக்கச் சொன்னா" என்றிருந்தாள்.

வெளியே ஒரு கிழவர் தலையிலடித்துக்கொண்டு அழுதார்.

"அது ஒண்ணுமில்ல மேடம்," என்றார் சங்கரலிங்கம். "மனசை லேசாக்கி விடுவாங்க. சரின்னு சொல்லுங்க. கதவு திறந்ததும் மகளைப் பார்க்க ஓடிரலாம்."

"சம்மதம்."

நாடிமானி ஒருமுறை மினுங்கியது. அவள் கண்களை மூடித் திறந்தாள். பலகை பச்சையானது, கதவுகள் உயர்ந்தன, வெளியே கைதட்டல் எழுந்தது. செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பாதியில் விட்ட கணக்கைத் திறந்தாள்.

சங்கரலிங்கம் அவள் அருகே போனார். "மேடம், வாசல்ல ஆட்டோ நிக்குது. கிளம்புங்க. ஆஸ்பத்திரியில ஓவியா உங்களைத்தான் தேடுவா."

அவள் நிதானமாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓவியாவா? யாரு சார், நம்ம கஸ்டமரா?"