சக்கரத்தின் மேல் செருப்பு

வால்வுச் சக்கரத்தின் மேல் ஒரு ஜோடி நீலச் செருப்பு கிடந்தது. நனைந்த செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

தொட்டியின் கூரைமேல் ஏறிய செல்லச்சாமி அப்படியே நின்றுவிட்டான். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அவனுக்கோ முதுகு சில்லிட்டது. அந்தச் செருப்பை அவன் தன் கையால் எரித்திருந்தான். திருத்தங்கல் ரோட்டோரம், அச்சகக் கழிவு எரிகிற குப்பையில் போட்டு, ரப்பர் உருகி நாறும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தான்.

தூரத்து ஆற்றுத் தண்ணீரைக் கரட்டு அடிவாரத்தில் உள்ள இந்தத் தொட்டியில் பிடித்து, மேட்டிலிருக்கும் ஐந்து ஊர்களுக்கு ஏற்றிவிடுவது குடிநீர்ச் சங்கத்தின் வேலை. செல்லச்சாமி அதன் ஆபரேட்டர். சக்கரத்தைச் சுற்றினால் ஆற்றுத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்து, ஊருக்குப் போகும் குழாய் வழியே இழுத்துக்கொண்டு ஓடும். வண்டல் அள்ளத் தொட்டிக்குள் இறங்குகிறவன் செருப்பைக் கழற்றிச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டுத்தான் இறங்குவான். செருப்பு கிடந்தால் சக்கரத்தைத் தொடக் கூடாது. எழுதிவைத்த சட்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் எவனும் தொட்டதில்லை.

செல்லச்சாமி தொட்டான். நாற்பது நாளைக்கு முன்னால், இதே வெயிலில். பதினோரு நாளாகச் சொட்டுத் தண்ணீர் காணாத மேட்டு ஊர்களின் சனம் வேன் பிடித்து வந்து கேட்டை உடைத்தது. பட்டாசு மருந்தின் நெடி மாறாத கைகள் அவன் சட்டையைக் கிழித்தன. ஒரு பித்தளைக் குடம் நெற்றியில் இறங்க, இரத்தம் கண்ணை மூடியது. உள்ளே அருள்பாண்டி வண்டல் அள்ளிக்கொண்டிருந்தான். ‘உள்ள ஆள் இருக்கு’ என்று சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். அதற்குள் இன்னொரு குடம் ஓங்கியது. அருள்பாண்டியின் நீலச் செருப்பைத் தட்டிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினான். முழுதாகத் திறக்க இருபத்து நான்கு சுற்று. ஏழாவது சுற்றில் காலடியிலிருந்து ஓர் அலறல் வந்தது. சனம் போட்ட கூச்சலில் அவன் காதில் மட்டும் விழுந்தது.

எட்டாவது சுற்றையும் சுற்றினான், பாவி.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தான். ஊருக்குப் போகும் குழாயின் வாயில் இரண்டு குதிகால்கள் தெரிந்தன. ஆள் தலைகீழாக உள்ளே செருகிக் கிடந்தான். செல்லச்சாமி யாரிடமும் மூச்சு விடவில்லை. அருள்பாண்டி திருப்பூருக்கு ஓடிவிட்டதாகச் சொல்லிவிட்டான். ஐந்து ஊரும் அந்தத் தண்ணீரை நாற்பது நாள் குடித்தது.

நேற்று சங்கத்திலிருந்து போன் வந்தது. “மேட்டுக்குத் தண்ணி பாதிகூட ஏறலங்க. நாளன்னைக்கிக் காலையில குழாய வெட்டிப் பாக்கோம். தொட்டியக் காலி பண்ணி வைங்க.”

இரவே தொட்டியை வடித்துவிட்டான். இன்றைக்குள் அருள்பாண்டியைக் குழாயிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். இல்லையென்றால் நாளைக்குக் கையில் விலங்குதான்.

“அண்ணே!”

கேட்டருகே வெள்ளைத்தாய் நின்றாள். அருள்பாண்டியின் பெண்டாட்டி. செல்லச்சாமி சட்டென்று செருப்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“அவுகளப் பத்தி ஏதும் தகவல் வந்துச்சாண்ணே?”

“இல்ல தாயீ. திருப்பூர்ல எங்கனயாவது இருப்பான்.”

“செருப்பில்லாம தெருவுக்குக்கூடப் போக மாட்டாகளே. அங்கன கெடந்தா குடுங்கண்ணே.”

“இங்கன ஒண்ணுமில்ல. வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போ.”

செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் கெண்டைக்கால் வழியே இறங்கியது. இவ்வளவு வெயிலிலும் அது காயவில்லை.

அவள் போனதும் கேட்டைப் பூட்டினான். செருப்பை வேலிக்காத்தான் முள்ளுக்குள் வீசினான். சக்கரத்தை இன்னொரு முறை இறுக்கி மூடினான். தன் செருப்பைக் கழற்றி அதன்மேல் வைத்தான். பார்த்து மதிக்க இங்கே எவன் இருக்கிறான்? கை தானாக வைத்துவிட்டது.

ஏணியில் இறங்க இறங்க வெளிச்சம் தலைக்கு மேல் ஒரு வட்டமாகச் சுருங்கியது; குளோரின் நெடிக்கு அடியில் இனிப்பாக, குமட்டலாக இன்னொரு நாற்றம் மூக்கில் ஏறியது; நாரணாபுரம் பக்கம் எங்கோ வெடி சோதித்துப் பார்க்கிற சத்தம் சுவர்களுக்குள் முட்டி முட்டித் தாமதமாக அவனிடம் வந்து சேர்ந்தது. முழங்கால் அளவு வண்டல். கயிற்றையும் கொக்கியையும் பிடித்துக்கொண்டு குழாய் வாயருகே குனிந்தான். டார்ச் அடித்தான்.

குழாய் காலியாக இருந்தது.

குதிகால் இல்லை. எலும்பு இல்லை. விளிம்பில் நகம் பிறாண்டிய கோடுகள் மட்டும் இருந்தன. எல்லாம் உள்ளேயிருந்து வெளியே வந்த கோடுகள்.

பொத்தென்று ஏதோ விழுந்தது.

வண்டலில் அவன் செருப்பு கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்றும் விழுந்தது.

“யாருலே அங்கன? உள்ள ஆள் இருக்கு!”

மூன்று சொல் இப்போது வந்தது. தொண்டை கிழிய வந்தது.

மேலே கிரீச்சென்றது.

ஒன்று.

வெளிச்ச வட்டத்தின் ஓரத்தில் சக்கரம் தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கைகளும் தெரிந்தன. ஊறி வெளுத்த கைகள். தோல் விரல் நுனிகளில் தொங்கியது. நகமில்லை.

இரண்டு. மூன்று.

ஏணிக்கு ஓடினான். வண்டல் காலைப் பிடித்தது.

நான்கு.

தண்ணீர் இடுப்பில் அடித்தது. சுவரில் போய் விழுந்தான். தோள் முறிந்தது. எழுந்தான். ஏணியில் மோதியதில் வாயெல்லாம் பல்லும் இரத்தமும்.

ஐந்து.

கால் தரையை விட்டது. தண்ணீர் அவனைத் திருப்பிக் குழாய்ப் பக்கம் இழுத்தது. தலை முதலில்.

ஆறு.

விளிம்பைப் பிடித்தான். நகங்கள் பிய்ந்தன.

ஏழு.

செல்லச்சாமி அலறினான்.

மேலே சக்கரம் நின்றது. வெளுத்த கைகள் அசையவில்லை. கேட்டுவிட்டான். கேட்டுவிட்டான். அருள்பாண்டி, ஏலே, நல்லாயிருப்ப, நிறுத்துலே.

அந்தக் கைகள் ஒரு பிடி மாற்றிப் பிடித்து, எட்டாவது சுற்றையும் சுற்றின.