கமிஷனர் இன்று நீந்தவில்லை

காலை ஏழு பத்து. போலீஸ் ஸ்டேஷனில் டெலிபோன் அலறியது.

டியூட்டி முடிந்து சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டிருந்த ஏட்டு, அலுப்போடு ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. கனமான மூச்சு.

"யாருங்க பேசறது?"

"நான்தான்யா..."

ஏட்டுக்குக் குரல் புரிந்துவிட்டது. ஆறு வருஷம் முன்பு இதே ஸ்டேஷனிலிருந்து ரிட்டயரான இன்ஸ்பெக்டர். ஏட்டுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்.

"சொல்லுங்க சார். என்ன ஆச்சு?"

"கமிஷனர் செத்துட்டார்."

ஏட்டின் விரல்கள் தானாகப் பொத்தானை மாட்டின.

"எப்போ சார்? எப்படி?"

"அரை மணி நேரம் முன்னாடி பார்த்தேன். தொட்டியில மிதந்துட்டிருந்தார்."

"எங்க?"

"என் வீட்டுலதான். பின்பக்கம்."

ஏட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கமிஷனர்... இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் பின்னால்... தொட்டியில்... விடிந்தும் விடியாததுமாக அவருக்கு அங்கே என்ன வேலை?

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க. உடம்புல துணி ஏதாவது..."

"துணியா? இறக்கைதான்யா இருக்கு."

ஏட்டு பொத்தானை மறுபடி அவிழ்த்தார்.

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் எந்தக் கமிஷனரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் இன்ஸ்பெக்டர். ரிட்டயரான மறுவாரம் ஒரு வாத்துக்குஞ்சை வாங்கிவந்து, அதற்குக் கமிஷனர் என்று பெயர் வைத்தார்.

'கமிஷனர், வாயை மூடு.' 'கமிஷனர், செருப்பைக் கடிக்காதே.' ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லிச் சொல்லி மனம் குளிர்ந்தார்.

முதல் மாதம் அது பழிவாங்கல்தான். அப்புறம், எந்த மாதம் என்று அவருக்கே தெரியாமல், அது பாசமாகிவிட்டது. இப்போதெல்லாம் அவர் நியூஸ் பார்க்கும்போது, சோபாவில் பக்கத்து இடம் கமிஷனருக்கு.

எட்டு மணிக்கு ஏட்டு போய்ச் சேர்ந்தார்.

நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி. பக்கத்தில், சிமென்ட் தரையில், டவல் போர்த்திய சின்ன உடல். அதைச் சுற்றி சாக்பீஸ் கோடு. வாத்தின் அளவுக்குக் கச்சிதமாக, கழுத்து வளைவோடு வரைந்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

"இது இயற்கையான சாவு இல்லய்யா."

"வயசாகியிருக்கும் சார்..."

"ஆறு வயசு. வாத்துக்கு அது ஒரு வயசா? காயம் இல்ல. நாய் கடிச்ச தடம் இல்ல. முந்தாநாள் வரைக்கும் என் பின்னாடியே ஓடி வந்தது. நேத்து மட்டும் கொஞ்சம் மந்தமா இருந்தது. இன்னைக்கு..."

இருமிவிட்டு டவலைக் காட்டினார்.

"சரி, இந்த டவல் யாரோடது?"

"என்னோடது," என்றார் சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி. "உங்களோடது அழுக்கா இருந்தது. அதைப் போய் அது மேல போர்த்தச் சொல்றீங்களா?"

அந்த அம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். குரலை உயர்த்திப் பழக்கமில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"ஆறு மணியிலேர்ந்து ஆறே முக்கால் வரைக்கும் நீ எங்க இருந்த?"

"என்னையா கேக்கறீங்க?"

"எல்லாரையும்தான் கேப்பேன்."

"சமையல் ரூம்ல. உங்களுக்குக் காபி போட்டுட்டிருந்தேன். சாட்சி வேணும்னா காபியைக் கேளுங்க. ஆறிப்போய் உக்காந்திருக்கு."

இன்ஸ்பெக்டர் அதையும் எழுதிக்கொண்டார்.

"என்னங்க... கொஞ்சம் நிதானமா இருங்க. நாலு மாசம் முன்னாடிதான் நெஞ்சைப் பிடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கிடந்தீங்க. எனக்கு அழுறதுக்கு ஒண்ணு போதும்."

அவர் கேட்கவில்லை. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு போர்டு. பல் மருத்துவமனை.

"வாய்யா," என்றார் ஏட்டிடம். "மோட்டிவ் இருக்கற ஆள் ஒருத்தன்தான்."

பல் டாக்டர் யாரோ ஒருவரின் வாயில் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் மல்லாந்திருந்தவர் வாய் நிறையப் பஞ்சு.

இன்ஸ்பெக்டர் ஒரு பழைய கடிதத்தைப் பிரித்து வாசித்தார்.

"'மேற்படி வாத்தின் சத்தம் நிற்காவிட்டால் நானே நிறுத்த வேண்டிவரும்.' கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா சார். அது ரெண்டு வருஷம் முன்னாடி..."

"இன்னைக்குக் காலைல ஆறரைக்கு எங்க இருந்தீங்க?"

"தூங்கிட்டிருந்தேன். ஏன் சார், என்ன ஆச்சு?"

"சத்தம் நின்னுடுச்சு. அதான் ஆச்சு."

பல் டாக்டரின் கையிலிருந்த கருவி தட்டில் விழுந்தது.

"கமிஷனரா... செத்துட்டாரா?"

"நடிக்காதீங்க."

பல் டாக்டர் முகமூடியைக் கழற்றினார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"சார், இந்த நாற்காலி எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு பாருங்க."

பார்த்தார்கள். ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இன்ஸ்பெக்டர் வீட்டுப் பின்பக்கம். நீலத் தொட்டி.

"முன்னாடி சுவத்தைப் பார்த்துதான் இருந்தது. ஊசியை எடுத்தாலே பாதிப் பேர் எழுந்து ஓடுவாங்க. ஒரு நாள் ஒருத்தர் உங்க வாத்து குளிக்கிறதைப் பார்த்துக்கிட்டே அசையாம உக்காந்துட்டார். கடவாய்ப்பல்லைப் பிடுங்கினதே அவருக்குத் தெரியல. அதுக்கப்புறம்தான் நாற்காலியைப் பெயர்த்து இப்படித் திருப்பிப் போட்டேன். எனக்கு மயக்க மருந்தே உங்க கமிஷனர்தான் சார்."

நாற்காலியில் இருந்தவர் பஞ்சோடு ஏதோ உளறினார்.

"என்ன சொல்றார்?" என்றார் ஏட்டு.

"எத்தனை மணிக்கு அடக்கம்னு கேக்கறார். இவர் பல்லு நல்லா இருக்கும்போதும் வந்து உக்காந்துட்டுப் போவார்."

இன்ஸ்பெக்டர் கடிதத்தை மடித்தார். முப்பத்து மூன்று வருஷத்தில், சந்தேக நபருக்குக் கைக்குட்டை கொடுத்தது இதுதான் முதல் தடவை.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பல் டாக்டர் திடீரென்று நிமிர்ந்தார்.

"சார்... ஒண்ணு ஞாபகம் வருது. நேத்து காலைல நான் சீக்கிரமே வந்துட்டேன். நீங்க ரோஜாச் செடிகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள போனீங்க. நீங்க போனதும் அது அங்க மண்ணுல எதையோ கொத்திட்டிருந்தது."

இன்ஸ்பெக்டரின் கண்கள் கூர்மையாயின.

"ரோஜாச் செடி... மண்ணு..." நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டார். "விஷம்யா. எவனோ சுவர் மேலேர்ந்து விஷத்தைப் போட்டிருக்கான். உடம்பைத் தூக்கு. போஸ்ட்மார்ட்டம்."

கால்நடை மருத்துவமனையில் பெஞ்சு காலியாக இல்லை. வாயைக் கட்டிய நாயோடு ஒருவர், கூண்டில் பூனையோடு ஒருவர். நடுவில் இன்ஸ்பெக்டர், மனைவி, ஏட்டு.

ஒரு மணி நேரமாக இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மடியில் காலி அட்டைப்பெட்டி. அதன் மூலையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை இறகை எடுத்தார். போடவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் கூச்சம். கடைசியில் நோட்டுக்குள் வைத்தார்.

"தடயம்," என்றார் யாரும் கேட்காமலே.

மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கதவு திறந்தது. டாக்டரம்மா கூப்பிட்டார். கையில் ஒரு சின்ன ஸ்டீல் தட்டு.

"சார், நீங்க சந்தேகப்பட்டது சரிதான். வியாதி இல்ல. விஷம்னே சொல்லலாம்."

"நான் சொல்லல?" இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஆறு வருஷத்துக்கு முந்தைய மிடுக்கு ஒரு நொடி முகத்தில் வந்துபோனது.

"வாத்துக்குப் பல் கிடையாது. அதனால சின்னச் சின்னக் கல்லாப் பொறுக்கி முழுங்கும். வயித்துக்குள்ள அந்தக் கல்லுதான் தீனியை அரைக்கும். தரையில வெள்ளையா உருண்டையா எது கிடந்தாலும், அதுக்குக் கல்லுதான்."

தட்டை நீட்டினார்.

நாலு கூழாங்கற்கள். ஐந்தாவது... கல் இல்லை. பாதி கரைந்த மாத்திரை.

"இது நேத்து முழுங்கினது. இது..." டாக்டரம்மா விரல் நுனியால் இன்னொன்றைத் தள்ளினார். அது முழு மாத்திரை. "இன்னைக்குக் காலைல. தொண்டையைத் தாண்டறதுக்குள்ள உயிர் போயிருக்கு."

"என்ன மாத்திரைம்மா?" என்றார் ஏட்டு.

"இதயத் துடிப்பைக் குறைக்கற மாத்திரை. மனுஷங்களுக்கு நல்லது. மூணு கிலோ வாத்துக்கு ஒண்ணே அதிகம்."

"அப்போ திட்டம் போட்டு ரெண்டு நாளா யாரோ..."

இன்ஸ்பெக்டரின் வாக்கியம் பாதியில் நின்றது. அப்படியே நின்றுவிட்டது.

மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டின் மேல் குனிந்தார். மாத்திரையின் நடுவில் ஒரு கோடு. கைப்பையைத் திறந்தார். ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே வெள்ளை. அதே கோடு.



"என்னங்க."

"ம்."

"காலைல ஆறு மணிக்கு மாத்திரை கொடுத்தேன்."

"கொடுத்த."

"முழுங்கிட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எங்க நின்னு முழுங்கினீங்க?"

இன்ஸ்பெக்டர் தட்டிலிருந்த கூழாங்கற்களை எண்ண ஆரம்பித்தார்.

முப்பது வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தவர். கம்பியின் மறுமுனையில் ஒருவர் பேசாமல் இருந்தால், அது யோசனையா, அழுகையா, பொய்யா என்று அந்த அம்மாளுக்குத் தெரியும்.

"ரோஜாச் செடிகிட்ட," என்றார் ஏட்டு மெல்ல.

இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

"மன்னிக்கணும் சார். சாட்சி சொன்னதை மறைக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க."

மனைவி கண்ணாடியைக் கழற்றவில்லை. "எத்தனை நாளா?"

"நேத்துலேர்ந்துதான்..."

"எத்தனை நாளா?"

அதே கேள்வியை அதே குரலில் இரண்டாவது தடவை கேட்பது. இன்ஸ்பெக்டர் எத்தனையோ பேரை உடைத்த உத்தி. மூன்றாவது தடவைக்கு அவர் காத்திருக்கவில்லை.

"மூணு வாரமா. நாக்குக்கு அடியில வச்சுப்பேன். நீ திரும்பினதும் வாஷ்பேசின்ல துப்பிடுவேன். முந்தாநாள் வாஷ்பேசின் அடைச்சுக்கிச்சு. அதான் செடிகிட்ட..."

"ஏன்?"

"அதைப் போட்டா தலை சுத்துது. மாடிப்படி நாலு ஏறினா நின்னுடறேன். ரோடு கிராஸ் பண்றப்ப யாரோ வந்து கையைப் பிடிக்கறான். திருடனைத் துரத்திப் பிடிச்ச கைம்மா இது."

"டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பாரு."

"நோயாளின்னு ஒத்துக்கணும்ல."

மனைவியின் உதடு துடித்தது. குரல் மட்டும் அசையவில்லை.

"அது மட்டும் அந்த மாத்திரையைப் பொறுக்காம இருந்திருந்தா, எனக்கு இது தெரியவே தெரியாது. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ கழிச்சு, இதே ஏட்டய்யா வந்து சாக்பீஸ்ல கோடு போட்டிருப்பாரு. பெரிசா. உங்க அளவுக்கு."

இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வலிச்சிருக்குமா டாக்டர்?"

"இல்ல சார். துடிப்பு கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிருக்கும். தூக்கம் வர்ற மாதிரிதான்."

அப்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. மனைவி அவர் முதுகில் கை வைத்தார். திட்டிக்கொண்டேதான் வைத்தார்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"உங்க டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இன்னைக்கு மாத்திரையை இப்பவே போடச் சொன்னாரு. நாளைக்கு நேர்ல கூட்டிட்டு வரச் சொன்னாரு. அளவைக் குறைக்கறதா வேண்டாமான்னு பார்த்துட்டுச் சொல்வாராம்."

டாக்டரம்மா பேப்பர் கப்பில் தண்ணீர் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் மாத்திரையை விழுங்கினார். கேட்காமலேயே வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். மூன்று சாட்சிகளும் எட்டிப் பார்த்தார்கள்.

அட்டைப்பெட்டியில் டவல் சுற்றிய கமிஷனரை வாங்கி, ஏட்டு வாசலுக்கு நடந்தார். பின்னால் வந்த இன்ஸ்பெக்டர் படியில் நின்று, மனைவியின் முன்னால் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து நீட்டினார்.

"குற்றவாளி ஒத்துக்கிட்டான். தண்டனையைச் சொல்லிடு."

"ஆயுள் தண்டனை."

"சரி... ஒத்துக்கறேன்."

அந்த அம்மாள் நீட்டிய கைகளில் ஒன்றைப் பிடித்துப் படியிறக்கினார்.

"நன்னடத்தைன்னு சொல்லி முன்னாடியே கிளம்பிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க."