கண்மட்டக் கோடு

டின்னின் மூடி தெரியவில்லை.

சுருளி மூன்றாவது முறையாக அழித்தான். குரங்கணிக்கு மேலே, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் முன்னறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தரையில் வைத்த காலி மண்ணெண்ணெய் டின்னைக் காலையிலிருந்து வரைந்துகொண்டிருந்தான். ஒரு மூலை முன்னால் நிற்க, அதன் இரு பக்கத்து விளிம்புகளும் பின்னோக்கி ஓடி, இடப்புறம் ஒரு புள்ளியிலும் வலப்புறம் ஒரு புள்ளியிலும் போய்ச் சேர வேண்டும். அந்த இரண்டு புள்ளிகளும், பார்ப்பவனின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக் கோட்டின் மேல் இருக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். தாளில் இடம் போதாமல், அதைப் பெட்டிப் பலகை ஒன்றின் நடுவில் ஒட்டி, பலகையின் இரு ஓரங்களிலும் புள்ளி வைத்திருந்தான்.

முக்காலியில் இருப்பவனுக்கு மூடி தெரிந்தாக வேண்டும். அவன் கை வரைந்த விளிம்புகளோ கீழே சரிந்து, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் போய்ச் சேர்ந்தன.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மதுரையில் டிராயிங் பரீட்சைக்கு ஒன்பது நாள் இருந்தது. தேறினால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அட்டைக் கடியும் புகையும் இல்லாத பிழைப்பு.

அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு மொக்கையன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, டின்னப் பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற? பிடிக்கலேன்னா சொல்லிவிட்ரு."

"மூடி தெரிய மாட்டேங்குது மாமா."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "குப்புறப் படுத்துக்கிட்டுல்ல வரைஞ்சிருக்க."

சுருளி சிரிக்கவில்லை. "ஒரு நாத்தம் வருது, பாத்தீகளா?"

"பெருச்சாளி. நேத்து ராத்திரி பூரா உள்ளருந்து கதவப் பெராண்டுச்சு. சூட்டுல செத்திருக்கும். நாளைக் காலையில தொறக்கயில எடுத்து வீசிரலாம்."

"இப்பத் தொறந்தா?"

"பச்சை போயிரும். வெளுத்த காய நீயே மொதலாளிகிட்டக் கொண்டுபோயிக் குடு. நான் என் ஊரு சிலமலைக்கு நடையக் கட்டிர்றேன்."

அடுப்பு மூட்டிவிட்டால் உலர்த்தும் அறைக் கதவைத் தாழிட்டு, இடுக்கில் சேற்றுமண் அப்பி, ஒன்றரை நாளைக்கு யாரும் தொட மாட்டார்கள். காற்று இழுக்கக் கதவுக்குக் கீழே மட்டும் ஒரு விரல் இடைவெளி உண்டு. சூடு வெளியேறினால் காயின் பச்சை போய்விடும், பச்சை போனால் வேலை போய்விடும்.

"வேலுத்தாயி லயத்துல இருக்காளா மாமா?"

"லயத்துல காணோம். ஜீப்புல எறங்கிப் போயிருப்பா. யாரு கண்டா?" சொல்லிக்கொண்டே அவர் விறகடிக்குப் போய்விட்டார்.

நேற்று மாலை தட்டுகளில் காய் பரப்பிக்கொண்டிருந்தபோது வேலுத்தாய் அந்த அறை வாசலில் வந்து நின்றாள். காய் பறிக்க வந்து, லயத்துக் கூலிவீட்டில் தங்கியிருந்தவள். நனைந்த சாக்கு உடம்பில் ஒட்டியிருந்தது. பேசுவதற்குள் நிலைப்படியில் வாந்தி எடுத்தாள். மஞ்சளாய், நூல் நூலாய், சோற்றுப் பருக்கைகளோடு.

"காச்சல் அப்பு. செத்த நேரம் இந்தச் சூட்டுல சாஞ்சுக்கிறேன்."

"லயத்துக்குப் போ ஆத்தா. காயில வாடை ஏறிரும்."

"சரி அப்பு."

அவ்வளவு பணிவாகச் சொன்னாள். அப்போதாவது ஒரு தம்ளர் வெந்நீர் கொடுத்திருக்கலாம். அடுப்பின் மேலேயே கொதித்துக்கொண்டிருந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, அடுத்த தட்டை நிரப்பினான். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று பார்க்கவில்லை.

கதவு சாத்துமுன் குனிந்து, அடித்தட்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்ப்பது ஸ்டோர்க்காரனின் சோலி. நேற்று நிலைப்படியில் அவள் எடுத்த வாந்தி கிடந்தது. குனிந்தால் முகத்துக்கு நேரே வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நின்ற வாக்கிலேயே கதவை இழுத்துச் சாத்தினான். "கீழ பாத்தியா?" என்று மொக்கையன் கேட்டதற்கு, "பாத்தேன்" என்றான்.

புதுத் தாள் எடுத்தான். ஏலக்காயின் இனிப்பு மணத்துக்கு அடியில் அந்த நாற்றம் கொழகொழவென்று தொண்டையில் படிந்தது. துப்பினான். எச்சிலும் அதே ருசியாக இருந்தது. கை தானாக ஓடியது. மூடி இல்லை. இந்த முறை டின்னின் இடப்பக்கத்தில் ஒரு நசுங்கல் விழுந்தது. அதன் நடுவே துருப்பிடித்த ஓட்டை. அவன் பார்த்த பக்கங்களில் நசுங்கல் எதுவும் இல்லை.

எழுந்து போய் டின்னின் பின்பக்கத்தைப் பார்த்தான்.

நசுங்கல் இருந்தது. ஓட்டையும். கதவைப் பார்த்த பக்கத்தில்.

மண் அப்பிய கதவுக்கு முதுகு காட்டித் தரையில் படுத்தான். கன்னத்தைச் சிமெண்டில் வைத்தான். டின் தெரிந்தது. மூடி மறைந்தது. ஒவ்வொரு விளிம்பும் தாளில் இருந்தபடியே ஓடியது. அவன் வாழ்நாளில் வரைந்ததிலேயே பிசகில்லாத படம் அதுதான்.

கதவடி இடைவெளியிலிருந்து பிடரியில் அனல் பட்டது.

நின்றது.

மறுபடி பட்டது. ஈரமாக. புளித்த வாடையோடு.

முருகா.

உயிர் இருக்கிறது. தாழை நீக்கினால் போதும். ஒரு லோடு காய். முதலாளி. நன்னடத்தைச் சான்றுக்கு அவர் கையெழுத்து வேண்டும். ஒன்பது நாள். படுத்தபடியே கணக்குப் போட்டான். அனல் பட்டது. நின்றது. பட்டது.

பிறகு வரவில்லை.

அப்போதுதான் எழுந்தான். நகத்தால் மண்ணைப் பெயர்த்தான். தாழை இழுத்தான்.

சூடு முகத்தில் அறைந்தது. வேலுத்தாய் அடித்தட்டுக்குக் கீழே, கன்னம் தரையில் பதிய, இடைவெளியைப் பார்த்துக் கிடந்தாள். செத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வயிறு ஊதி, தோல் கன்றியிருந்தது. விரல் நுனிகளில் சதை இல்லை. ஈரத்துக்காக மென்ற பச்சைக் காய்கள் வாய் நிறைய இருந்தன. சூட்டில் அவை உதட்டோடு ஒட்டிப்போயிருந்தன. திறந்த கண்களின் மேல் ஏலத் தூசி பச்சையாகப் படிந்திருந்தது.

விறகடியிலிருந்து மொக்கையன் ஓடிவந்தார். பார்த்தார். பிறகு தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பச்சை இன்னும் நிக்குது மாப்ளே. சாத்து. வெரசா சாத்து."

சுருளி பதில் சொல்ல வாய் திறந்தான். அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். ஆனால் தட்டுகளின் அடிப்பக்கம் தெரிந்தது. கூரை எட்டாத உயரத்தில் இருந்தது. சுவர்களின் விளிம்புகள் இருபுறமும் சரிந்து, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் போய்ச் சேர்ந்தன.

கண்ணை மூடப் பார்த்தான். மூடவில்லை. இமை திறந்தபடி ஒட்டியிருந்தது. வாய் நிறையக் காய் இருந்தது.

எதிரே இரண்டு பாதங்கள் நின்றன. அவனுடையவை. மேலே முழங்கால்கள். அதற்கும் மேலே, வெகு உயரத்தில், அவன் முகம். மூக்கைப் பொத்திக்கொண்டு, அருவருப்போடு அவனைக் குனிந்து பார்த்தது.

கதவை இழுத்துச் சாத்தியது.