இரண்டாவது ஒப்புதல்

மணிமொழி அழிக்கச் சொன்னது பத்துச் செய்திகள். ஒப்புதலுக்காக நிற்கும் காத்திருப்புப் பெட்டியில் பதினொன்று இருந்தன.

மறுபடி எண்ணினாள். பத்தும் புதிய கருவியைச் சோதிக்க அவளே சற்று முன் அடித்துப் போட்டவை. பதினொன்றாவதில் ஒரே வரி: ‘வலி ஜாஸ்தியா இருக்குது, ஜீப்பு அனுப்புங்க.’ மேலே வெள்ளச்சியின் பெயர்.

அது இருக்கவே முடியாது. போன ஐப்பசியிலேயே அடியோடு அழிந்துபோன செய்தி அது.

கல்வராயன் மலை ஊர்களுக்காக மணிமொழியும் அவள் தோழி பாரதியும் கள்ளக்குறிச்சியிலிருந்து நடத்தும் அரட்டை சர்வர். ஜீப் ஓட்டுபவர்கள், நர்சுகள், சந்தைக்காரர்கள் என்று நானூறு பேர். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தொல்லை செய்பவர்களை நீக்க ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டை வைத்தார்கள். அழிக்கும் கருவியை அதன் கையில் கொடுத்தவள் மணிமொழி. “அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆளைக் கேக்கற மாதிரி வைடி” என்று பாரதி இரண்டு தடவை சொன்னாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவள் விட்டுவிட்டாள்.

அந்த வாரத்துக்குள், மழையில் பஸ் நின்றுபோன மலையூரில், நிறைமாதக்காரி வெள்ளச்சி அந்த வரியைப் பதினேழு முறை அனுப்பினாள். ஏஜென்ட் பதினேழையும் அழித்து, அவள் கணக்கையும் நீக்கியது. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஜீப்புகள் சும்மா நின்றிருந்தன. பொழுது சாய்வதற்குள் தாயும் போய், வயிற்றுப் பிள்ளையும் போனது.

கீழ்நாட்டில் கரும்பு வெட்டப் போயிருந்த அவள் கணவன் ராஜேஷ் பிறகு வந்து கேட்டான். “சிக்னல் இல்லீங்க. எங்களுக்கு எதுவும் வரல” என்றாள் மணிமொழி. அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடுதான் அவளைத் தூங்கவிடவில்லை. பாரதிக்குக்கூட அவள் உண்மையைச் சொல்லவில்லை. புதிய கருவியில் எதுவும் உடனே அழியாது. அழியப்போவதன் பட்டியல் முதலில் வரும், இரண்டு பேர் ‘ஆம்’ என்றால்தான் அழியும். அதைக் கட்டி முடித்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று நினைத்திருந்தாள்.

மணி மூன்றுதான். ஆனாலும் மழை இருட்டிக்கொண்டு வந்து, மாடி அறையின் ஜன்னல் கம்பிகளில் சொட்டி, தெருச் சத்தத்தையெல்லாம் விழுங்கியிருந்தது. அம்மா திருக்கோவிலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. ராஜேஷ்.

“அக்கா, அவ போனைக் கடையில சரி பண்ணிக் குடுத்தாங்க. பதினேழு மெசேஜும் போயிருக்குதுன்னு டிக்கு காட்டுதுங்க. அப்ப சிக்னல் இருந்திருக்குது தானுங்களே?”

“பாத்துட்டு சொல்றேன் ராஜேஷ்.”

“இன்னா பாக்கப் போறீங்க?” குரலில் கோபமே இல்லை. “யாரு அழிச்சாங்கன்னு சர்வர்ல பதிவு இருக்குமாமே. அதைக் காட்டுனா போதுங்க. பஸ்ஸுல வந்துக்கினு இருக்கேன்.”

போனை வைத்தாள். ஏஜென்ட் வைத்திருந்த பதிவைத் தேடி எடுத்தாள். பதினேழு வரிகள். கடைசியில் ஏஜென்ட்டுக்கு அனுமதி கொடுத்தவர்: மணிமொழி.

அழி என்றாள். கருவி கேட்டது. ‘ஆம்’ என்றாள். இரண்டாவது ஆளையும் கேட்டது. பாரதியின் பாஸ்வேர்ட் இவளுக்குத் தெரியும். போனில் பாரதியாக நுழைந்தாள். தானே போட்ட பூட்டைத் தானே உடைக்கிறோம் என்று தெரிந்தும் விரல் நிற்கவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை. மழை வாசனை இல்லை. நனைந்த கோணி, செம்மண், அதற்கடியில் பச்சை இரத்தம். அவள் முதுகுக்குப் பின்னால், கட்டிலில், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தார்கள். விட்டார்கள். இழுத்தார்கள்.

அவள் திரும்பவில்லை.

மூச்சு வேகமானது. கட்டில் சட்டம் கிரீச்சிட்டது. ஏதோ தரையில் நழுவி விழுந்தது. ஈரமாக. கனமில்லாமல்.

பிறகு மூச்சுச் சத்தம் நின்றது.

“மன்னிச்சிடும்மா,” என்றாள் மணிமொழி.

போனில் பட்டியல் வந்திருந்தது. பதிவு அதில் இல்லை.

‘நிரந்தரமாக அழிக்கப்படுவது: மணிமொழி. மாடி அறையில் இருக்கிறார்.
முதல் ஒப்புதல்: வெள்ளச்சி. ஆம்.
இரண்டாவது ஒப்புதல்: இன்னும் பெயர் வைக்கவில்லை.’

‘இல்லை’யை அழுத்தினாள். திரும்பத் திரும்ப அழுத்தினாள். அசையவில்லை.

கணுக்காலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. முழங்காலைப் பிடித்தது. மடியில் ஏறியது. அவள் கண்ணை மூட முயன்றாள், முடியவில்லை. போன் கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஈரமாக ஒரு கைத்தடம் விழுந்தது. ஐந்து விரல், ஒவ்வொன்றும் அரிசி நீளம்.

அடுத்த தடம் அதற்கு மேலே விழுந்தது. அதற்கடுத்தது ‘ஆம்’ பொத்தானின் மேல்.