டொய்ங் அடித்தது யார்?

"டொய்ங்ங்ங்!"

கூடத்திலிருந்து வந்த சத்தம் கேட்டு, ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தான் அண்ணன். அவனுக்கு முன்பே தங்கை பொடிசு அங்கே நின்றிருந்தாள், கையில் தண்ணீர்க் குவளையுடன். கணினித் திரை சிவப்பாக மின்னியது.

'உங்கள் நீர்மூழ்கி அழிந்தது.'

"ஏய், டொய்ங் அடிச்சியா?"

"நான் அடிக்கலை! சத்தம் கேட்டுத்தான் சமையலறையிலேர்ந்து ஓடிவந்தேன்!"

"பின்னே யாரு, பேயா? அவசரக்குடுக்கை! இனிமே உனக்கு ஹெட்போன் கிடையாது!"

பொடிசுக்கு மூக்கு சிவந்தது. அந்த நீர்மூழ்கி விளையாட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்பது அவள் வேலை. என்ஜினை அணைத்துவிட்டுக் கடலடியில் கிடந்தால், எதிரிக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுவாள். டொய்ங் பொத்தானை அமுக்கினால் சுற்றியுள்ள கப்பல்கள் எல்லாம் திரையில் தெரியும். ஆனால் நாம் இருக்கும் இடம் அவர்களுக்கும் தெரிந்துவிடும். இந்த லீவு முழுக்க ஒருமுறைகூட அதைத் தொடாதவள் அவள். அவளைப் போய்!

கணினி முன்னாலிருந்த நாற்காலி இன்னும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

'யார் உட்கார்ந்தது?' என்று வீடே அதிரக் கத்த வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். கத்தினால் அதுவும் ஒரு டொய்ங்தான். ஆள் உஷாராகிவிடுவார்.

என்ஜினை அணைத்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அவள் வாயே திறக்கவில்லை. அண்ணன் நிறுத்தாமல் பொரிந்தான்.

"இவளாலதான்மா எல்லாம் போச்சு!"

"அப்படியாடி?" என்றாள் அம்மா.

பொடிசு காதைத் தீட்டிக்கொண்டாள். அம்மாவின் கரண்டி எப்போதும்போல் ஓடியது. எப்போது பார்த்தாலும் 'என்ன விளையாட்டு, கண்ணு கெட்டுப்போகும்' என்று திட்டும் அப்பாவின் கரண்டி மட்டும் நின்று நின்று ஓடியது.

"பொய் சொல்றா, திருட்டு முழி முழிக்கிறா பாருங்க!" என்றான் அண்ணன்.

பொடிசின் கண்ணில் நீர் முட்டியது. அப்பாவையே பார்த்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார்.

"பாவம்டா, குழந்தையைத் திட்டாதே. சுத்தி என்ன இருக்குன்னு பார்க்கத்தானே அந்தப் பொத்தான்? மூணு கப்பலும் ஒண்ணா நம்ம மேல பாயும்னு எனக்கென்ன தெரியும்!"